கையிருப்பு

நுழையும்முன்

இன்றைய ஊர்திகளில் எரிபொருள் குறைவதை ஒரு சிறு விளக்கு அறிவித்துவிடுகிறது. அந்த விளக்கு இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், ஒலியையும் அதிர்வையும் கொண்டே அதனை அறிந்தனர். அவ்வாறு அறிந்த ஒருவரின் வண்டி எப்படி நடந்துகொண்டது, அறியத் தவறிய ஒரு நாளில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நடுவில் நின்ற முள்

அவர் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். நாமக்கல்லில் உள்ள அவரது வீட்டுத் திண்ணையை ஒட்டி, பழைய வேட்டி ஒன்றால் போர்த்தப்பட்டு ஒரு புல்லட் நிற்கிறது. கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்த பழைய வண்டி அது. ஞாயிறுதோறும் காலையில் போர்வையை விலக்கி, தூசி துடைத்து, வண்டியைக் கிளப்பி, கடைவீதிவரை சென்று திரும்புவது அவரது வழக்கம். முழங்கால் வலி வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள்வழிப் பேத்தி, அன்று அவரோடு கடைவீதிக்குப் புறப்பட்டாள். பதினொன்றாம் வகுப்பு முடித்தவள். ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவள். வண்டியின் முன்விளக்குக்கு மேலே இருந்த சிறிய வட்ட முகப்பை அவள் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு முள் சரியாக நடுவில் நின்றது.

“அப்புச்சி, முள்ளு நடுவுல நிக்குது. டேங்குல பாதி இருக்குதுங்களா?”

அவர் சிரித்தார். “அது பெட்ரோல் முள்ளு இல்ல கண்ணு. பேட்டரிக்குக் கரண்டு ஏறுதா, எறங்குதான்னு காட்டுற முள்ளு. பெட்ரோலுக்கு இதுல முள்ளே கெடையாது.”

“அப்ப எவ்வளவு இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?”

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பிடிகளைப் பற்றி வண்டியை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார். தொட்டிக்குள் பெட்ரோல் புரளும் ஓசை கேட்டது. நிறைந்த தொட்டி அசைத்தாலும் அவ்வளவாக ஓசை எழுப்பாது. பாதித் தொட்டி கனத்த குரலில் புரளும். குறைந்த தொட்டியோ மெல்லிய தகரத்தில் சிற்றலை மோதுவதுபோலச் சலசலக்கும். அன்று கேட்டது மூன்றாவது ஓசை. அவர் விரல் முட்டியால் தொட்டியின் பக்கத்தை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்த தகரம், பெட்ரோல் நின்ற மட்டத்துக்குக் கீழே மந்தமாக ஒலித்தது. மண்பானையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் வீட்டுப் பெண்களின் கணக்குத்தான் அது.

மூடியைத் திறந்து, உலர்ந்த குச்சியை உள்ளேவிட்டு நனைந்த அளவைப் பார்ப்பதும் உண்டு. இருட்டில் தொட்டிக்குள் பார்ப்பதற்காகத் தீக்குச்சி கொளுத்தி விபத்துக்கு உள்ளானவர்களைப் பற்றிய எச்சரிக்கையைப் பட்டறைகளில் மீண்டும் மீண்டும் சொல்வார்கள். பெட்ரோலைவிட அதன் ஆவிக்கே விரைவில் தீப்பற்றும். பெட்ரோல் குறைய குறையத் தொட்டியின் வெற்றிடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது.

இரண்டு குழாய்களின் கணக்கு

பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் தொட்டி இயந்திரத்துக்கு மேலே இருக்கும். தொட்டியின் அடியில் ஒரு சிறு திருகு. அதற்கு மூன்று நிலைகள்: ஆன், ஆஃப், ரிசர்வ். பெட்ரோலைத் தள்ளிவிடத் தனியே பம்பு இல்லை. திருகைத் திறந்தால், மேட்டுமடையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குவதுபோலத் தன் எடையாலேயே பெட்ரோல் கீழிறங்கிக் கார்புரேட்டரை அடையும்.

ரிசர்வ் என்றால் தொட்டிக்குள் மற்றொரு சிறு தொட்டி இருக்கிறது என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அப்படி எதுவும் இல்லை. திருகிலிருந்து தொட்டிக்குள் இரண்டு வழிகள் செல்கின்றன. ஒன்று சற்று உயரமான குழாய். மற்றொன்று அடிமட்டத்தில் இருக்கும் வாய். ஆன் நிலையில் உயரமான குழாய் வழியாக மட்டுமே பெட்ரோல் இறங்கும். அதன் வாய்க்குக் கீழே மட்டம் தாழ்ந்துவிட்டால், தொட்டியில் பெட்ரோல் இருந்தும் கீழே வராது. திருகை ரிசர்வுக்கு மாற்றும்போது அடிமட்ட வாய் திறக்கிறது. அதுவரை தொடப்படாமல் இருந்த ஒன்றிரண்டு லிட்டர் பயன்பாட்டுக்கு வருகிறது. ஏறத்தாழ 14 லிட்டர் கொள்ளும் தொட்டியில் அந்த ஒன்றிரண்டு லிட்டர்தான் ஓட்டுநருக்கு விடப்பட்ட தவணை. விதைநெல்லைத் தனிக் குதிரில் கொட்டாமல், அதே குதிரின் அடியில் விட்டுவைத்து, மேல்வாயை மட்டும் திறந்து உண்ணும் குடும்பத்தின் ஏற்பாட்டைப் போன்றது இது.

மூச்சு வாங்கும் இயந்திரம்

உயரமான குழாயின் வாய் வெளிப்பட்ட உடனே வண்டி நின்றுவிடுவதில்லை. கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் மிதவை ஒன்று மிதக்கிறது. கிண்ணம் நிறைந்தால் மிதவை மேலெழுந்து ஓர் ஊசியால் வழியை அடைக்கும். மட்டம் குறைந்தால் ஊசி இறங்கி வழிவிடும். தொட்டியிலிருந்து வரத்து நின்றபின், அந்தக் கிண்ணத்தில் எஞ்சிய சில கரண்டிப் பெட்ரோலைக்கொண்டு வண்டி இன்னும் சற்றுத் தொலைவு ஓடும். ஓட்டுநர் எதையும் உணராத இடைவெளி அதுதான்.

கிண்ணத்தின் மட்டம் தாழத் தாழ, இயந்திரத்துக்குள் செல்லும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. நல்ல எரிதலுக்கு எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அந்த அளவு பிறழும்போது இயந்திரத்தின் நடை மாறுகிறது. முதலில் வேகத்தில்தான் குறை தெரியும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் வண்டி முன்னே பாயாமல் தயங்கும். சற்றுத் தளர்த்தினால் மீண்டும் சீராகும். மிகுதியாகக் கேட்கும்போது கொடுக்க முடியாத கிண்ணம், குறைவாகக் கேட்கும்போது கொடுத்துவிடுகிறது. அடுத்து வண்டி விட்டுவிட்டுக் குலுங்கும். கார்புரேட்டரின் வாயில் ‘டப்’ என்று ஒரு தும்மல் கேட்கும். ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்த புல்லட்டின் ஓசையில் ஓர் அடி விடுபடும். பிறகு இரண்டு அடிகள் விடுபடும். அதன் பிறகே அமைதி.

தேர்ந்த ஓட்டுநர் அந்த அமைதிவரை காத்திருப்பதில்லை. முதல் தயக்கத்திலேயே கிளச்சைப் பிடித்து, ஓட்டத்தின் வேகத்திலேயே வண்டியை உருளவிட்டு, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமலே கையைத் தாழ்த்தித் திருகை மாற்றிவிடுவார். கிண்ணம் மீண்டும் நிறைய ஒருசில நொடிகள் ஆகும். அந்த நொடிகளைத் தாண்டிவிட்டால், நின்றுபோக இருந்த இயந்திரம் ஒரு பெருமூச்சுடன் உயிர்பெறும்.

யெஸ்டி, ராஜ்தூத் முதலிய ஈரடிச் சுழற்சி வண்டிகளில் இதற்கு மற்றொரு கடுமையும் உண்டு. அவற்றில் பெட்ரோலுடனேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவர். இயந்திரத்தின் உட்பகுதிகள் தேயாமல் காப்பது அந்த எண்ணெய்தான். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் எண்ணெய் வரத்தும் குறைகிறது. அந்நிலையில் வேகத்தைக் குறைக்காமல் முடுக்கினால் பிஸ்டன் சூடேறி இறுகிப்போகவும் கூடும். குறைவை உணர்ந்ததும் கையைத் தளர்த்த வேண்டும் என்பது அவ்வண்டிகள் கற்பித்த பாடம்.

அவருக்கு இவற்றையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். புல்லட்டைப் பழைய விலைக்கு வாங்கிய முதல் மாதத்தில், சாலையில் நின்றுபோன வண்டியை இரண்டு கல் தொலைவு தள்ளிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. திருகை ரிசர்வுக்கு மாற்றி ஓர் உதை உதைத்தார். வண்டி கிளம்பியது. “வண்டி முன்னாடியே பேசுமுங்க சார். நாமதான் வேற நெனப்புலயே போயிடறோம்” என்றார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

பொய்க்குறிகள்

குறைவுபோலத் தோன்றி, குறைவு அல்லாதவையும் உண்டு. தொட்டியின் மூடியில் காற்றுப் புகுவதற்கென ஒரு நுண்ணிய துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். சேறோ தூசியோ அத்துளையை அடைத்துவிட்டால், தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி பட்டினி கிடக்கும். மேல்வாயை விரலால் மூடிய குழலில் தண்ணீர் இறங்காமல் நிற்பதுபோன்றது அது. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டால் காரணம் விளங்கிவிடும்.

தொட்டியின் அடியில் தங்கும் கசடு மற்றொன்று. நெடுநாள் ஓடிய தொட்டியின் உட்புறம் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் மூடி வழியே கசியும் நீரும், வெற்றிடத்தில் வியர்க்கும் ஈரமும் பெட்ரோலைவிடக் கனமானவை. ஆதலால் அவை அடியில் சென்று தங்கும். ரிசர்வின் வாய் இருப்பதும் அடியில்தான். ஆண்டுக்கணக்கில் ரிசர்வைத் தொடாத ஒருவர், ஒரு நெருக்கடியில் அதனைத் திறக்கும்போது பெட்ரோலுக்கு முன்னால் துருவும் நீரும் இறங்கி, ஜெட் எனப்படும் ஊசித்துளையை அடைத்துவிடும். தவணையாக வைத்திருந்த கையிருப்பே தடையாக மாறும் இடம் இது. எனவேதான் அவ்வப்போது வேண்டுமென்றே ரிசர்வில் சிறிது தொலைவு ஓட்டிப் பார்க்கும்படி மெக்கானிக் அவருக்குச் சொல்லியிருந்தார்.

தொட்டியின் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. குதிரையின் முதுகில் சேணம் அமர்வதுபோல, வண்டியின் நடுக்குழாய்மீது தொட்டி இருபுறமும் தொங்கி அமர்ந்திருக்கிறது. மட்டம் மிகவும் தாழ்ந்தபின், திருகு இல்லாத பக்கத்தில் தங்கிய பெட்ரோல் நடுமேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வர முடியாது. வண்டியைத் திருகு இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்தால், அந்தக் கொஞ்சமும் வந்து சேரும். புல்லட்டில் திருகு தொட்டியின் பின்பகுதியில் இருப்பதால், ஏற்றத்தில் பெட்ரோல் பின்னோக்கி வந்து அதன் வாயை மூடும். இறக்கத்தில் முன்னோக்கி ஓடி அதனை வெறுமையாக்கும். மேடு ஏறிய வண்டி பள்ளத்தில் நின்றுபோகும் விந்தை இதனால் நிகழ்வது.

நாற்பத்து மூன்றாம் வளைவு

இவ்வளவையும் அறிந்திருந்த ஒருவருக்குத்தான் அந்த நாள் வாய்த்தது.

1985இல் இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலைக்குத் தடுப்பு மருந்துப் பெட்டியைக் கொண்டுசேர்க்கும் பணி அவரிடம் இருந்தது. மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காக்க வேண்டும். பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய சிறு பெட்டியைப் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி அவர் மேலே செல்வார். மலைமுகட்டின் முதல் ஊரில் செவிலியர் காத்திருப்பார். சிதறிக்கிடந்த சிற்றூர்களிலிருந்து மலைவாழ் மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். நலமாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு ஊசி என்று கேட்டவர்களை வரவழைக்க, அவருக்கும் செவிலியருக்கும் ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தது. மாதம் ஒருநாள், காலை பத்து மணி. அந்த நாள் தவறாது என்ற ஒன்றே அவர்கள் கொடுத்திருந்த வாக்கு.

அன்று வானம் தெளிந்திருந்தது. வண்டி நன்றாக ஏறியது. நாற்பத்து மூன்றாம் வளைவில் ஓசையில் ஓர் அடி விடுபட்டது. அவர் பதறவில்லை. கிளச்சைப் பிடித்து, பழகிய கையைத் தாழ்த்தித் திருகைத் தொட்டார். திருகு ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது.

விரல்நுனியில் அதனை உணர்ந்த அந்த நொடியில், மூன்று நாள்களுக்கு முந்திய மாலை அவருக்கு நினைவுக்கு வந்தது. வண்டி தயங்கியபோது திருகை ரிசர்வுக்கு மாற்றியதும், பெட்ரோல் நிலையத்தில் மாதக் கடைசிக்குத் தக்கபடி 5 லிட்டர் போட்டுக்கொண்டு அவசரமாகக் கிளம்பியதும் நினைவுக்கு வந்தன. திருகை மீண்டும் ஆன் நிலைக்குத் திருப்பியதுமட்டும் நினைவுக்கு வரவில்லை. ஏனெனில் அவர் திருப்பவில்லை. மூன்று நாள்களாக அடிமட்ட வாய் திறந்தே இருந்தது. வண்டி முன்னாடியே பேசும் என்பது உண்மைதான். ஆனால் அது பேசுவதற்கான இடத்தை அவரே மூடிவிட்டிருந்தார். இப்போது கேட்ட தயக்கம் எச்சரிக்கை அன்று, முடிவு.

அவர் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். வண்டியைத் திருகின் பக்கமாகத் தரையைத் தொடுமளவு சாய்த்துப் பிடித்தார். மறுபக்கத்தில் எஞ்சியது சலசலத்து இறங்கியது. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். வண்டி கிளம்பியது. ஆக்சிலேட்டரை மிக மெல்லத் திருகி, தாழ்ந்த கியரில் இன்னும் ஐந்து வளைவுகள் ஏறினார். நாற்பத்தெட்டாம் வளைவில் அது நின்றது. மீண்டும் சாய்த்தார். இம்முறை எந்த ஓசையும் வரவில்லை.

காலைப் பேருந்து போய்விட்டிருந்தது. பெட்ரோல் நிலையம் அவருக்குப் பின்னால், மலையடிவாரத்தையும் தாண்டிச் சமவெளியில் இருந்தது. கீழே இறங்குவதற்குப் பெட்ரோல் வேண்டியதில்லை. வண்டியை உருட்டிவிட்டால் அது தானாகவே போய்ச் சேரும். எரிபொருள் வாங்கிக்கொண்டு திரும்பப் பிற்பகலாகிவிடும். மேலே ஏறுவதற்கோ இரண்டு கால்கள் மட்டுமே இருந்தன. அவர் வண்டியைத் தடுப்புச் சுவரோரம் நிறுத்திப் பூட்டினார். கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேல்நோக்கி நடந்தார்.

சற்றுத் தொலைவில், மிளகு மூட்டையைக் கீழே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த உழவர் ஒருவர் அவரோடு சேர்ந்துகொண்டார். காரணம் கேட்டறிந்ததும், சாலையை விட்டுக் குறுக்குப் பாதையில் அழைத்துச் சென்றார். பெட்டியைத் தம் தலைக்கு மாற்றிக்கொண்டார். “ஐஸு உருகிடுமுங்களா?” என்று வழியில் ஒருமுறை கேட்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை. வேர்களையும் பாறைகளையும் பற்றி ஏறும் அந்தப் பாதையில் பேசுவதற்கு மூச்சு இல்லை.

அவர்கள் ஊரை அடைந்தபோது மணி ஒன்றைக் கடந்திருந்தது. பெட்டியைத் திறந்த செவிலியர், பனிக்கட்டி இன்னும் முழுதாக உருகவில்லை என்றார். மருந்து தப்பியது. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டிருந்தனர். இருந்தவர்களுக்கு ஊசி போட்டு முடித்தபின், மறுநாளும் அங்கேயே தங்கி, திரும்பிச் சென்றவர்களின் சிற்றூர்களுக்கு இருவரும் நடந்தனர். பெரும்பாலோர் கோபமின்றி வந்தனர். ஒரு வீட்டில் மட்டும் குழந்தையின் பாட்டி கதவருகிலேயே நின்றுகொண்டார்.

“புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் வந்து வெயில்ல ஒக்காந்திருந்தமுங்க. சொன்ன நேரத்துக்கு வரலியே” என்றார். குரலை உயர்த்தவில்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவு திறப்பதற்கு அவர் மேலும் இரண்டு முறை அந்த வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது.

ஓசையற்ற இறக்கம்

இரண்டாம் நாள் மாலை அவர் நாற்பத்தெட்டாம் வளைவுக்கு வந்து வண்டியை எடுத்தார். தொட்டியில் ஒன்றுமில்லை. இறங்குவழியில் ஒன்றும் தேவையும் இல்லை. சாவியைத் திருப்பாமல், கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். எரிபொருள் இல்லாத இயந்திரமும் இறக்கத்தில் ஒரு வேலை செய்யும்; உருளும் சக்கரத்தைப் பிடித்து இழுத்து, பிரேக்கின் சுமையைக் குறைக்கும். காதைத் துளைக்கும் புல்லட்டின் ஓசை இன்றி, சங்கிலியின் கிறுகிறுப்பும் சக்கரங்களின் உரசலும் மட்டுமே கேட்க, நாற்பத்தெட்டு வளைவுகளையும் அவர் இறங்கினார். வழிநெடுகப் பறவைகளின் ஒலி கேட்டது. அத்தனை ஆண்டுகளாக அந்த மலையில் அவர் கேட்டிராத ஒலி.

அறியாமையால் நேர்ந்த பிழையாக இருந்தால் அவர் தம்மை எளிதில் மன்னித்திருப்பார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நெருக்கடி தீர்ந்ததும் திருகை முன்னிருந்த நிலைக்குத் திருப்பவேண்டும் என்ற ஒரு சிறு செயலை மட்டுமே அவர் விட்டிருந்தார். கையிருப்பை எடுப்பது பிழை அன்று. அதற்காகத்தான் அது இருக்கிறது. எடுத்தபின் அதனை மீண்டும் கையிருப்பாக வைக்க மறப்பதே பிழை. அவ்வாறு மறந்தவருக்கு அடுத்தமுறை எச்சரிக்கை வருவதில்லை.

காரவள்ளியில் ஒரு பெட்டிக்கடையில் புட்டியில் விற்ற ஒரு லிட்டர் பெட்ரோலை வாங்கி ஊற்றினார். உடனே திருகை ஆன் நிலைக்கு மாற்றவும் முடியவில்லை. ஒரு லிட்டரின் மட்டம் உயரமான குழாயை எட்டாது. ரிசர்விலேயே சேந்தமங்கலம்வரை ஓட்டிச்சென்று, மாதக் கடைசி என்றும் பாராமல் தொட்டியை நிரப்பி, அதன்பின் திருகைத் திருப்பினார். அன்றுமுதல் ஒரு பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் போட்டபின் மூடியை மூடுவார். உடனே குனிந்து திருகை விரலால் தொட்டுப்பார்ப்பார். அதன் பிறகே பணம் கொடுப்பார்.

விளக்கு எரியும் காலம்

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு நெறிகள் நடைமுறைக்கு வந்தன. அதனையொட்டிப் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்துமுறை பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் ஒரு சிறு மின்பம்பு இயங்குகிறது. அதனைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோலே அதனைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆதலால் தொட்டியை அடிக்கடி வற்றவிடுவது அதற்கு நல்லதன்று. ரிசர்வ் திருகு மறைந்துவிட்டது. பெட்ரோல் குறைந்தால் முகப்பில் விளக்கு எரிகிறது. ஓட்டுநர் எதையும் திருப்ப வேண்டியதில்லை. எதையும் திருப்ப மறக்கவும் முடியாது. இது நல்ல முன்னேற்றமே. அந்த விளக்கு அன்று இருந்திருந்தால், அவர் சேந்தமங்கலத்திலேயே அதனைப் பார்த்திருப்பார்.

ஆயினும் பழைய வண்டி ஒன்றைக் கேட்டது. தன்னைக் கவனிக்கும்படி அது கேட்டது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொள்ளவும், ஓசையின் ஓர் அடி விடுபட்டாலும் செவி கொடுக்கவும், எடுத்ததைத் திருப்பி வைக்கவும் அது ஓட்டுநரைப் பழக்கியது. விளக்கைப் பார்க்கக் கண் போதும். இவற்றுக்கு ஆள் முழுதாக அங்கே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவர் சொல்லி முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. பேத்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார். பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் அவள் அவர் தோளைத் தொட்டாள்.

“அப்புச்சி, வண்டி மூச்சு வாங்குதுங்க.”

அவருக்கும் கேட்டிருந்தது. ஆனால் அவள் முந்திக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கையைத் தாழ்த்தித் திருகை மாற்றினார். இரண்டு நொடித் தயக்கத்துக்குப் பின் வண்டி பழைய தாளத்துக்குத் திரும்பியது. பெட்ரோல் நிலையத்தில் தொட்டியை நிரப்பி மூடியை மூடினர். வரிசையில் பின்னால் நின்ற வண்டி ஒலியெழுப்பியது. அந்த அவசரத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போலக் குனிந்து திருகைத் தொட்டார்.

அது ஏற்கெனவே ஆன் நிலையில் இருந்தது. பேத்தி தன் விரலில் படிந்த பெட்ரோல் ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிப்பாகங்களைக்கொண்டு 350 சிசி புல்லட் வண்டிகள் இங்கே பூட்டப்பட்டன. 1957இல் பாகங்களை உருவாக்கும் கருவிகளும் வாங்கப்பட்டன. 1962அளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் இருந்த தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட், தமிழக ஊர்ப்புறச் சாலைகளின் பழகிய ஓசையாயிற்று.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் பழைய ஊர்தி, தறி, நீரேற்றி போன்ற ஏதேனும் ஒன்றை நெடுங்காலம் இயக்கியவரைச் சந்தித்து, அதன் பழுதை அவர் எந்தெந்தக் குறிகளால் அறிகிறார் என்பதைக் கேட்டு எழுதுக.

2. ‘எடுத்ததைத் திருப்பி வைத்தல்’ என்னும் கருத்து, பெட்ரோலுக்கு மட்டுமன்றி நிலத்தடி நீர், சேமிப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கும் எவ்வாறு பொருந்தும்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. கதவைச் சாத்திக்கொண்ட பாட்டியின் பார்வையில் அந்த நாளின் நிகழ்வை ஒரு பக்க அளவில் எழுதுக.